என் படத்தில் ஆள் இல்லை

மாப்ளே,

நேற்று சிம்மக்கல்லில் நல்ல மழை. நீ வேலை பார்த்த சாயப்பொடிக் கடை வாசலில் ஒரு டின் கவிழ்ந்து, நீலப்பொடி படிக்கட்டில் கொட்டிக் கிடந்தது. அதன்மேல் மழை விழுந்து நீலம் தெருவோர வாய்க்கால் வரைக்கும் ஓடியது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். நீலம் எந்த இடத்தில் மெலிகிறது, எந்தக் கல்லில் முட்டித் தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை அவன் பார்த்திருந்தால் பொழுது சாய்வதற்குள் படமாக எழுதி முடித்திருப்பான் என்று உன்னை நினைத்தேன். அடுத்து நினைத்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். நல்லவேளை, பார்க்க அவன் இல்லை என்று நினைத்தேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. செத்துப்போனவன்மேல் பொறாமைப்படுகிற ஆள் இந்த மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஊரார் என்னை உன் உயிர்த்தோழன் என்கிறார்கள். கடைத்தெருவில் துக்கம் விசாரித்தவர்கள் எல்லோரும் என்னிடம்தான் விசாரித்தார்கள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. பொறாமையும் பொய்யில்லை. ஒரே மனசுக்குள் இரண்டும் குடியிருக்கின்றன, எந்தச் சண்டையும் போட்டுக்கொள்ளாமல்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது அந்தக் கடையில்தான். பள்ளிக்கூடத்து நாடக மேடைக்குச் சாயம் வாங்க வந்திருந்தேன். அப்போது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டிராயிங் மாஸ்டர். சர்க்கார் பரீட்சை இரண்டும் பாஸ் செய்தவன் என்ற மிதப்பு கொஞ்சம் உண்டு. மெட்ராஸிலிருந்து வி.பி. பார்சலில் வரவழைத்த சீமை வர்ணப் பெட்டியும், தண்ணீரில் கரைத்துத் தீட்டுவது எப்படி என்று சொல்லும் இங்கிலீஷ் புஸ்தகமும் என்னிடம் இருந்தன. நீ பொட்டலம் மடித்துக் கொடுத்தாய். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், தாளின் உட்பக்கம் வைகை இருந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்த தாள் அது. கோடை வைகை. பூராவும் மணல். ஒரு மூலையில் நூல் மாதிரித் தண்ணீர், அதன் கரையில் குனிந்து ஊற்று தோண்டுகிற ஒரு பெண். அவளுக்கு நீ செலவழித்தது ஒரு புள்ளி, ஒரு இழுப்பு. சாயத்தை வேறு காகிதத்தில் கொட்டிவிட்டு அந்தத் தாளைப் பத்திரப்படுத்தினேன். மெச்சித்தான் எடுத்து வைத்தேன் என்று அன்றைக்கு நம்பினேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். வைகைக் கல்பாலம், வண்டியூர்க் கண்மாய், திருப்பரங்குன்றத்துத் தென்கால் கண்மாய் என்று தண்ணீர் இருந்த இடம், இல்லாத இடம் எல்லாம் போய் உட்கார்ந்தோம். எனக்குப் பலகை, மடக்கு நாற்காலி, மூன்று ஊசித் தூரிகை. உனக்குக் கொட்டாங்கச்சிகள், கடைச் சாயம், வேலம்பிசின், அணில்வால் மயிரில் நீயே கட்டிய தூரிகை ஒன்று. நான் வானத்திலிருந்து ஆரம்பிப்பேன், புஸ்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நீ தண்ணீரும் தரையும் சேருகிற கோட்டிலிருந்து ஆரம்பிப்பாய். ஏன் என்று கேட்டதற்கு ஒரு தரம் சொன்னாய்: "தண்ணி எம்புட்டு இருக்குன்னு பாக்காத மாப்ள, எங்க நிக்குதுன்னு பாரு." நீ உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவன். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே வளர்ந்தவன். நான் வீட்டு முற்றத்தில் கிணறு உள்ள தெருவில் பிறந்தேன். தாகத்தைப் பரீட்சையில் சொல்லித்தரவில்லை.

கல்பாலத்தில் நாம் எழுதும்போது கூட்டம் கூடுமே, நினைவிருக்கிறதா? உன் பின்னால் நிற்கிறவர்கள் விரலை நீட்டி, இது நம்ம துறை, இது இன்னார் கழுதை என்று அடையாளம் சொல்வார்கள். என் பின்னால் நிற்கிறவர்கள் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு உன் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அந்த நல்லாருக்கு எனக்கு எப்படிக் கசந்தது என்று உனக்குத் தெரியாது. அல்லது தெரிந்திருக்கும். உனக்கு என்னதான் தெரியாது.

என் படத்தில் ஆள் இருக்காது. ஆடு மாடு, கொக்கு, குருவி எதுவும் இருக்காது. காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நான் டிராயிங் பரீட்சைக்குப் போகிறேன் என்றபோது என்னைப் பெற்றவர், அத்தா, மூன்று நாள் யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மரம் எழுது, மலை எழுது, தண்ணி எழுது. உசுருள்ளதை எழுதாத. அதுக்கு உசுரு குடுக்க உன்னால ஆகாது" என்றார். சரி அத்தா என்றேன். அவர் மௌத்தான பிறகும் அந்த வாக்கை நான் மீறவில்லை. இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் கேட்ட ஒரே வாக்கு அது. உன்னிடம் இதைச் சொன்ன அன்றைக்கு நீ கேலி செய்யவில்லை. "நல்ல வாக்குத்தான்" என்றாய், அவ்வளவுதான். அதன் பிறகு யாராவது என் படத்தைப் பார்த்து ஏன் ஒரு ஈ காக்கா இல்லை என்று கேட்டால், எனக்கு முன்னால் நீயே பதில் சொல்வாய். எங்க மாஸ்டர் தண்ணியை மட்டுந்தான் எழுதுவாரு என்பாய்.

இனி அந்தக் கார்த்திகை மாசத்து ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் நாகமலைக்கு மேற்கே. ஊர்ப்பெயரை எழுதவில்லை, அங்கே இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. மேலக் கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலுங்கு வழியாக மறுகால் போனால்தான் கீழக் கண்மாய்க்குத் தண்ணீர். உன் அக்கா வயல் கீழக் கண்மாய்ப் பாசனம். கலுங்கின்மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கும். அந்தக் கல் இடுக்குகளில் புல்கட்டியும் களிமண்ணும் வைத்து அடைத்தால் மேலக் கண்மாயில் இன்னும் ஒரு முழம் தண்ணீர் நிற்கும், கீழே ஒரு சொட்டு போகாது. கீழக் கண்மாய் நிறையும்வரை அடைக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்தில் காலங்காலமாக உள்ள மாமூல். இதெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாம் மேலக் கண்மாய்க் கரையில் கருவேல நிழலில் உட்கார்ந்தோம். அன்றைக்கு அந்தத் தண்ணீர் இருந்த அழகை இப்போது நினைத்தாலும் கை பரபரக்கிறது. கண்மாய்க்குள் கருவ மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. கோரை ஓரமாக முக்குளிப்பான்கள் முங்கி முங்கி எழுந்தன. நான் வானத்தை நனைத்து நீலம் இறக்கிக்கொண்டிருந்தபோது, கலுங்குப் பக்கம் ஆட்கள் வருவதைப் பார்த்தேன். நான்தான் முதலில் பார்த்தேன். "யாரோ புல்லு வெட்டிட்டு வாராங்க பாரு" என்று உனக்குக் காட்டியதும் நான்தான். நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"புல்லு வெட்ட வரல மாப்ள. கலுங்கை அடைக்க வாராங்க" என்றாய்.

உன் தூரிகை நிற்கவில்லை. ஏழு பேர். ஒருவன் தலையில் புல்கட்டி, ஒருவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஒருவன் கல்லுக்கு நடுவே குனிந்து. அரைக்கால் அங்குல உயரத்தில் ஏழு இழுப்பு. நான் என் வழக்கப்படி குத்துக்கற்களை மட்டும் எழுதினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு உன் அக்கா வீட்டுக்குப் போனோம். நீ படத்தை நெல் கொட்டி வைக்கிற குலுக்கையில் சாய்த்து வைத்தாய். கலுங்கு அடைபட்ட சேதி நமக்கு முன்னாலேயே வந்து ஊரே கூடியிருந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து உன் படத்தைப் பார்த்தார்கள். இவன் நிற்கிற நிலையைப் பார், இது இன்னார் மகன் என்றார்கள். இடுப்பைச் சாய்த்து நிற்கிறானே, இது சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்தவன் என்றார்கள். ஏழு புள்ளிக்கும் ஏழு பெயர் சொன்னார்கள். மூக்கும் முழியும் இல்லாத புள்ளிகள், மாப்ளே. நான் அதைக் கேட்டுக்கொண்டு சுவரோரம் நின்றேன். பிறகு என் படத்தையும் யாரோ வாங்கிப் பார்த்தார்கள். அது கை மாறிப் போய் ஒரு பெரியவரிடம் வந்தது. அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான் கேட்டார்.

"தம்பி, இது எந்த ஊருக் கம்மா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டு ஆறியிருப்பேன். அந்தக் கண்மாயிலிருந்து வருகிற தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர் அவர். அவருக்கே என் படத்தில் அது தெரியவில்லை. ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு கேள்விதான் எனக்குக் கேட்டது. கீழக் கண்மாய்க்குத் தண்ணீர் வராது என்று நீ கவலைப்பட்டுக்கொண்டே வந்தாய். நான் ம் கொட்டிக்கொண்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தார். அதற்குள் மேலக் கண்மாய்க்காரர்கள் வேண்டிய தண்ணீரை மடை திறந்து தங்கள் வயலுக்கு எடுத்துக்கொண்டு, புல்கட்டியைப் பிடுங்கிப் போட்டு, கல்லைக் கழுவியும் விட்டிருந்தார்கள். அடைக்கவே இல்லை என்று சாதித்தார்கள். கீழக் கண்மாய்க்காரர்கள் மனுவோடு உன் படத்தைக் கொடுத்திருந்தார்கள். அதே சாயங்காலம் இன்னொருவரும் அங்கே படம் எழுதினார் என்று மேலக் கண்மாய்க்காரர்கள் சொல்ல, என்னையும் படத்தோடு வரச்சொல்லி ஆள் வந்தது. கரையில் ஆலமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். அடைத்தது உண்மை என்று தெரிந்தால், மேலக் கண்மாய் மடையைத் திறந்து மூன்று நாள் கீழே தண்ணீர் விட உத்தரவு போடுவேன் என்று அவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கதிர் வெளிவருவதற்கு முன்னால் பயிர் பொதி கட்டும் சமயம். மூன்று நாள் தண்ணீர் போதும். உன் அக்கா கைக்குழந்தையோடு கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

அவர் இரண்டு படத்தையும் மடியில் வைத்துப் பார்த்தார். என் படத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். இது முறையாகப் படித்தவர் கை, சுத்தமான வேலை என்றார். முடிந்தால் தன் வீட்டு ஹாலில் மாட்டக் கேட்பதாகச் சொன்னார். சீமைப் பெட்டி வாங்கிய நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது. உன் படத்தைத் தூக்கிப் பார்த்து, சாயப்பொடியா என்று கேட்டார். பிறகு, உன் அக்கா இந்த ஊர்தானே, நீ ஆளைச் சேர்த்து எழுதியிருக்கலாம் இல்லையா என்றார். நான் கண்டதை எழுதினேன் என்று நீ சொன்னாய். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், நீங்க வெளியூர் ஆளு. உங்களுக்கு ரெண்டு கட்சியும் ஒண்ணுதான். உங்க படத்துல ஆள் இல்லையே?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் உயிருள்ளதை எழுதுவதில்லை, அத்தாவுக்குக் கொடுத்த வாக்கு, ஆனால் ஏழு பேரையும் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். என் படத்தில் ஏன் ஆள் இல்லை என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் எனக்கு முன்னால் பதில் சொல்கிற நீ, அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நான் சொல்வேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை.

"என் படத்துல ஆள் இல்லைங்க" என்றேன்.

எழுத்துக்கு எழுத்து உண்மை. அத்தா உயிரோடு இருந்து கேட்டிருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பார். அந்த வாக்கை அவர் எனக்கு வேலியாகப் போட்டுக்கொடுத்தார், நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டி, அடைத்ததற்கு ருசு இல்லை என்று எழுதினார். உன் படம் மனுக்கட்டோடு போயிற்று, அதன் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. என் படத்தை அவருக்கே கொடுத்தேன். அவர் என் கையைக் குலுக்கினார். அந்தக் கணம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

திரும்பி வரும்போது நாகமலை அடிவாரம் வரை நீ முன்னால் மிதித்துப் போனாய். அங்கே சைக்கிளை நிறுத்தினாய். இப்போது கேட்பான் என்று நான் சண்டைக்குத் தயாரானேன். நீ என்னைப் பார்க்காமல், "நீ தல குனிஞ்சு எழுதிட்டு இருந்த மாப்ள. ஆளுக வந்ததைப் பாத்திருக்க மாட்ட" என்றாய். ஆட்களை உனக்குக் காட்டியவனே நான். அது உனக்கு மறந்திருக்க முடியாது. நானே தேடினாலும் கிடைக்காத நல்ல பொய் ஒன்றைச் செய்து என் கையில் கொடுத்தாய். நான் "ஆமா" என்று வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷம் கீழக் கண்மாய்ப் பாசனத்தில் பயிர் கதிர் வாங்காமலே காய்ந்தது. மாட்டை விட்டு மேய்த்தார்கள். உன் அத்தான் மதுரைக்கு மில் வேலைக்கு வந்து கொஞ்ச காலம் உன்னோடு தங்கியிருந்தார். நான் உன் அறைக்கு வரும் நேரத்தில் அவர் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். நீயோ அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒன்றும் நடக்காத மாதிரி என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்தாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. நீ வராமல் இருந்திருந்தால், நாலு பேரிடம் என்னைத் திட்டியிருந்தால், நாம் சமமாகியிருப்போம். நீ வந்தாய். ஜெர்மன் யுத்த காலத்தில் காகிதம் கிடைக்காதபோது, என் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாய். முன்னைவிட நன்றாக எழுதினாய். போன வருஷம் மஞ்சள் காமாலை வந்து படுத்த பிறகும், சுவரில் சாய்ந்துகொண்டு வைகை வெள்ளத்தை எழுதிக் காட்டினாய். நன்றாக வந்திருக்கிறதா என்று என்னைத்தான் கேட்டாய். நல்லாருக்கு என்றேன். அந்த வார்த்தையை வேண்டுமென்றேதான் சொன்னேன்.

போன மாதம் உன் அக்காவைப் பார்க்கப் போனேன். உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறும்வரை, துக்கம் கேட்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். பஸ் ஏறிய பிறகுதான் எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். தலை நரைத்துவிட்டது. மருமகளைக் கூப்பிட்டு, "இவுகதான் மதுரை மாமாவோட சிநேகிதரு. பாக்காததைப் பாத்தேன்னு சொல்லாத மனுசன்" என்றாள்.

புரியாமல் நின்றேன். அவளே சொன்னாள். விசாரணைக்குப் பிறகு ஊரில் என்னை வைதார்களாம். நீ அங்கே போய் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாயாம், அவன் தலை நிமிராமல் எழுதுகிறவன், ஆட்களைப் பார்க்கவில்லை, பார்க்காததை எனக்காகக்கூடச் சொல்ல மாட்டான், அப்பேர்ப்பட்ட நேர்மை என்று. இத்தனை வருஷமாக அந்த ஊரில் எனக்கு ஒரு நல்ல பெயர் இருந்திருக்கிறது. அதையும் நீதான் எழுதியிருக்கிறாய். என் கையால் எனக்கு அப்படி ஒரு பெயரை எழுதிக்கொள்ள முடியாது.

அப்படியே திரும்பியிருக்கலாம். அவள் மோர் கொண்டுவந்தாள். நான் வாங்கவில்லை.

"அக்கா, நான் பாத்தேன். ஏழு பேரையும் பாத்தேன். அவனுக்குக் காட்டினதே நான்தான்" என்றேன்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள். மருமகள் உள்ளே போய்விட்டாள்.

"அப்பறம் ஏந் தம்பி சொல்லல?"

"அவன் என்னைவிட நல்லா எழுதினான்க்கா. அதான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபத்தைத் தேடினேன், அழுகையைத் தேடினேன். இரண்டும் இல்லை. இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை என்று தெரிந்ததும் கேட்டாள்.

"இம்புட்டுத்தானா?"

இம்புட்டுத்தான் மாப்ளே. ஒரு ஊர் நெல் காய்ந்ததற்கும், உன் அத்தான் மில்லுக்குப் போனதற்கும், நீ வீடு வீடாகப் போய்ப் பொய் சொன்னதற்கும் காரணம் இம்புட்டுத்தான். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வார்த்தையைத்தான் இப்போது சுமந்துகொண்டு திரிகிறேன்.

அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. வந்த ஆளைப் பட்டினியாக அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. இலை போட்டு, அவள் வயலில் விளைந்த சோற்றைப் போட்டாள். நான் குனிந்து சாப்பிட்டேன். நீ என் இடத்தில் இருந்திருந்தால் அந்தச் சோறு உனக்கு இறங்கியிருக்காது. எனக்கு இறங்கியது. இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன்.